கேட்காமல் எழுதிய மூன்று நாள்

அன்றைக்கு லேபில் இருந்தவர்கள் நாலு பேர். ரத்தம் கொடுக்க வந்த வளர்மதி அக்கா, துணை என்ற பெயரில் காவலுக்கு வந்த அவருடைய நாத்தனார், உள்ளே மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்த டாக்டரம்மா, கையில் ஊசியோடு நான். வராதவர் ஒருவர்தான். வளர்மதி அக்காவின் வீட்டுக்காரர் அடைக்கலம். கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை. அந்த ஆறு வருடத்தில் அவர் எங்கள் படியை ஒரு தடவைகூட மிதித்ததில்லை. (பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஊரையும் சொல்லப்போவதில்லை. கீரமங்கலத்துக்கு அங்கிட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அக்காவின் இடது கை நரம்பு எனக்கு மனப்பாடம். தைராய்டுக்கு, சர்க்கரைக்கு, ஹார்மோனுக்கு என்று அத்தனை தடவை அந்தக் கையில் குத்தியிருக்கிறேன். ரப்பர் பட்டையைக் கட்டும்போது அவர் மெதுவாகச் சொன்னார்.

“இதுதான் தம்பி கடைசிக் குத்து. பங்குனி வரைக்கும் பாப்பாகளாம். அதுக்குள்ள ஒன்னும் இல்லன்னா என்னய எங்க ஆத்தா வீட்டுல கொண்டுபோயி விட்டுருவாக. வேற பொண்ணு பாத்தாச்சு.”

மெதுவாகச் சொன்னாலும் நாத்தனாருக்குக் கேட்டுவிட்டது. “பின்ன என்னத்தா செய்யச் சொல்ற? எங்க தம்பிக்கும் ஒரு வாரிசு வேணுமுல்ல?”

நான் ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்துக்கொண்டே சொன்னேன். “அண்ணனையும் ஒரு தடவ வரச் சொல்லுங்கக்கா. ஆம்பளைகளுக்கும் ஒரு டெஸ்ட் இருக்கு.”

“அவனுக்கு எதுக்குடா தம்பி டெஸ்ட்டு? கெழங்கு மூட்டைய ஒத்தையாத் தூக்குறவன்.”

டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “மூட்டை தூக்கறதை நாங்க டெஸ்ட் பண்றதில்லைம்மா. இது வேற” என்றார்.

அந்த லேப் இப்போது இல்லை. டாக்டரம்மா மகளோடு இருக்கக் கோயம்புத்தூர் போய்விட்டார். அதே கட்டடத்தில் ஒரு பெரிய கம்பெனியின் கலெக்‌ஷன் சென்டர் வந்திருக்கிறது. ரத்தமும் சிறுநீரும் ஐஸ் பெட்டியில் திருச்சிக்குப் போகின்றன. பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு முப்பத்துநாலு வயதில் நான் வெளியே வந்தேன். குத்தகைக்கு நிலம் பிடித்து மரவள்ளி போடுகிறேன். டீக்கடையில் என் பெயரே ‘ரிட்டயர்டு’ ஆகிவிட்டது. “என்ன ரிட்டயர்டு, பென்சன் வந்துருச்சா?” என்பார்கள்.

போன வாரம் சென்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பாலமுருகன் போன் செய்தான். விந்துப் பரிசோதனை ஒன்றை மட்டும் திருச்சிக்கு அனுப்ப முடியாது. ஒரு மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். அதற்குக் கேமரா வைத்த மெஷின் ஒன்றை அங்கேயே இறக்கியிருக்கிறார்களாம்.

“மெஷினே எண்ணிருதுண்ணே. ஆனா ஃபாரத்துல எத்தனை நாளுன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. வாரவுகள்லாம் எனக்கு மூத்தவுக. எப்படிண்ணே கேக்குறது? நானா மூணுன்னு போட்டுக்கிறேன்.”

அவன் ‘மூணு’ என்றதும் எனக்கு அடைக்கலம் அண்ணனின் மொட்டைத் தலை ஞாபகத்துக்கு வந்தது. அவனுக்குப் போனில் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பாவும் அம்மாவும் மரவள்ளிக் கொல்லைகளில் கிழங்கு பிடுங்கப் போவார்கள். அந்தக் கூலியில் பன்னிரண்டாவது, அதற்குப் பிறகு திருச்சியில் ரெண்டு வருடம் லேப் டெக்னீசியன் படிப்பு. படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படத்தில் பார்த்து எழுதிப் பாஸானேன். நரம்பு பிடிக்கக் கற்றுக்கொண்டது டாக்டரம்மாவின் லேபில்தான். “அங்க என்னடா வேல?” என்று அம்மா கேட்டபோது, “ரத்தம் பாக்குறது, மூத்திரம் பாக்குறது” என்றேன். மூன்றாவதாக ஒன்று பார்ப்பதைப் பதினோரு வருடமும் வீட்டில் சொல்லவில்லை.

டாக்டரம்மாவுக்கு அப்போது அறுபதுக்கு மேல். கோட்டுப் பையில் எப்போதும் கடலை மிட்டாய் இருக்கும். அதிர்ந்து பேசமாட்டார். கோபம் வந்தால் என்னை ‘சார்’ என்பார். “சார், இங்க வாங்க” என்று கூப்பிட்டால் என்ன தப்பு செய்தேன் என்று யோசித்துக்கொண்டே போவேன்.

அந்த டெஸ்ட்டுக்கு என்று எங்களிடம் இருந்த அறை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். நான் சேர்ந்த புதிதில் யார் போனாலும் வெறும் டப்பாவோடு திரும்பி வந்தார்கள். ஒருநாள் நானே ஏறிப் போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கு நேர் எதிரே ஜவுளிக்கடைக் காலண்டரில் மகாலட்சுமி கையை உயர்த்தி ஆசீர்வதித்துக்கொண்டிருந்தாள். காலண்டரைக் கழற்றிக் கீழே பில் போடும் மேசைக்கு மேலே மாட்டினேன். டப்பாக்கள் நிறைந்து வர ஆரம்பித்தன. பில்லுக்கும் காசு ஒழுங்காக வந்தது.

சாம்பிள் வந்ததும் டப்பாவின் மேல் பெயரும் நேரமும் எழுதி, முப்பத்தேழு டிகிரிப் பெட்டியில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். கெட்டியாக வருவது அதற்குள் இளகித் தண்ணீராகும். பிறகு ஒரு துளி கண்ணாடித் தகட்டில். நானூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் கம்மாயில் தலைப்பிரட்டை அலைகிற மாதிரி இருக்கும். நேராக ஓடுவது எத்தனை, நின்ற இடத்திலேயே துடிப்பது எத்தனை, அசையாதது எத்தனை என்று இருநூறு வரை எண்ண வேண்டும். அசையாததில் செத்தது எது, சும்மா கிடப்பது எது என்று தெரிய ஒரு சாயம் உண்டு. செத்தது சாயத்தைக் குடித்துச் சிவந்துவிடும். உயிரோடு இருப்பது வெள்ளையாகவே நிற்கும். கடைசியாகக் கட்டம் போட்ட கண்ணாடியில், ஒரு மில்லிக்கு எத்தனை என்ற எண்ணிக்கை. இடது கையில் ஒரு கவுண்டர், கட்டைவிரலால் அமுக்க அமுக்க டிக் டிக்கென்று ஏறும்.

இத்தனையும் எனக்கு நன்றாக வந்தது. வராதது ஒன்றே ஒன்று. ஃபாரத்தில் மூன்றாவது கட்டம். மனைவியோடு சேர்ந்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டு எழுத வேண்டும். இரண்டிலிருந்து ஏழு நாளுக்குள் இருந்தால்தான் கணக்கு சரியாக வரும். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. என் அப்பா வயதுக்காரரிடம் அதை எப்படிக் கேட்பது? வருகிறவர்களுக்கும் நான் கேட்காமலிருந்தால் நிம்மதி. நானாக ‘3’ என்று போட்டுவிடுவேன். வருடக்கணக்கில் அந்தக் கட்டத்தில் எல்லா ஆண்களும் மூன்று நாள்தான்.

அடைக்கலம் அண்ணன் வேலை பார்த்தது ஒரு கிழங்கு மாவு மில்லில். கிழங்கைக் கழுவி, தோலெடுத்து, அரைத்து, துணியில் வடிகட்டினால் பால் ஒரு பக்கம், சக்கை ஒரு பக்கம். சக்கையைத் திப்பி என்பார்கள். பால் தொட்டியில் அடியில் மாவு தங்கியதும் மேலே நிற்கும் மஞ்சள் தண்ணீரைக் கழிவுத் தொட்டிக்குத் திறந்துவிடுவார்கள். அந்தத் தொட்டியில் இறங்கி அடைப்பெடுப்பதும் திப்பியை அள்ளிப் போடுவதும் அண்ணனின் வேலை. புளித்து நாறும் தண்ணீர் அது.

ரெண்டு வாரம் கழித்து வளர்மதி அக்கா ரிசல்ட் வாங்கத் தனியாக வந்தார். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

“அவுக வாராகளாம் தம்பி, டெஸ்ட்டுக்கு.”

“எப்படிக்கா சம்மதிச்சாரு?”

“புள்ள வரம் கேட்டு பழனிக்கு மால போட்டிருக்காக. நல்லா போடுங்கன்னேன். சாமிக்கு நாப்பத்தெட்டு நாளு, எனக்கு ஒரு நாளு. பழனியிலேருந்து வந்து பஸ்ஸ விட்டு எறங்குனதும் நேரா லேபுதான், அப்பறந்தான் வீடுன்னு சத்தியம் வாங்கிட்டேன்.”

நான் அதைக் கேட்டேன். காதால்தான் கேட்டேன். மாலை போட்டவர் நாற்பத்தெட்டு நாளும் எப்படி இருப்பார் என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். அந்தக் கணக்கும் என் மூன்றாவது கட்டமும் என் மண்டைக்குள் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

தைப்பூசம் முடிந்த மறுநாள் காலையில் வந்தார். மொட்டைத் தலையில் சந்தனம். தோளில் ஒரு மஞ்சள் பை. ஆள் நல்ல உயரம், பேச்சு மட்டும் பூனை மாதிரி. அக்கா பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்து கூட்டி வந்திருந்தார். டப்பாவை நீட்டியதும் அவர் பையிலிருந்து ஒரு பஞ்சாமிர்த டின்னை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

“சாமி பிரசாதம் தம்பி. இத அங்கிட்டு மேலே கொண்டுபோகக் கூடாதுல்ல. ஒங்ககிட்டயே இருக்கட்டும்.” பிறகு குரலைத் தணித்து, “இம்புட்டு நாளு சுத்தமா இருந்திருக்கேன். நல்லா வரும்ல?” என்றார்.

“வரும்ணே” என்றேன். டப்பாவில் பெயர் எழுதினேன். நேரம் எழுதினேன். மூன்றாவது கட்டத்தில் ‘3’ எழுதினேன். மொட்டைத் தலை கண்ணுக்கு எதிரே. பஞ்சாமிர்தம் கைக்கு எதிரே.

தகட்டை வைத்துப் பார்த்தபோது எனக்குக் கஷ்டமாகிவிட்டது. கூட்டம் இருந்தது, ஓட்டம் இல்லை. சாயம் போட்டதும் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் சிவந்துவிட்டன. டாக்டரம்மா அன்றைக்கு ஒரு ஆஸ்பத்திரி மீட்டிங்குக்குப் போயிருந்தார். ரிப்போர்ட்டில் அவர் கையெழுத்துப் போடும்வரை நான் வாயைத் திறக்கக் கூடாது. அது லேபின் சட்டம். ஆனால் படியில் உட்கார்ந்து அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லு தம்பி. ஏதும் கொறையா?”

“நெறைய உசுரு இல்லாம இருக்குண்ணே.”

அவர் மொட்டைத் தலையைத் தடவினார். “எதுனால?” என்றார்.

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் மரவள்ளிக் கொல்லையில் வளர்ந்தவன். தழையைத் தின்ற ஆடு நுரை தள்ளிச் செத்ததைச் சின்ன வயதிலேயே பார்த்தவன். தோலிலும் கழிவுத் தண்ணீரிலும் சயனைடு இருக்கிறது என்று படித்தவன். ஆண் எலிக்கு அந்தத் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்ததாக எங்கோ போனில் வாசித்ததும் நினைவிருந்தது. படித்தவன் என்ற நினைப்பில் சொன்னேன்.

“மில்லுத் தண்ணிதாண்ணே. அதுல நின்னா அப்படித்தான் ஆகும்.”

அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனார். ரெண்டே நாளில் மூன்று பேர் தொட்டியில் இறங்க மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்த ஒரு பையனின் பெண்வீட்டார், மில்லு மாப்பிள்ளைக்குக் கொடுப்பதா என்று யோசிப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மில் முதலாளியே லேபுக்கு வந்துவிட்டார்.

“ஏம்மா, எம் மில்லுல வேல பாக்குற ஒருத்தனும் ஆம்பள இல்லேன்னு ஒங்க பையன் சொல்லிப்புட்டானாம்ல. ரெண்டு புள்ள பெத்தவனெல்லாம் வீட்டுல மொகத்தக் காட்ட முடியாம திரியிறான்.”

டாக்டரம்மா அவரை உட்காரச் சொன்னார். கடலை மிட்டாய் ஒன்றைக் கொடுத்தார். “நான் இன்னும் கையெழுத்துப் போடலை. விசாரிச்சுட்டுச் சொல்றேன். நீங்க அதுக்குள்ள உங்க ஆளுங்க காலை ஒருதரம் குனிஞ்சு பாருங்க” என்றார்.

அவர் போனதும் உள்ளேயிருந்து குரல் வந்தது. “சார், இங்க வாங்க.”

ஃபாரம் அவர் முன்னால் இருந்தது. “எண்ணிக்கை ரெண்டு கோடி. அது குறைச்சலே இல்லை. ஆனா முக்கால்வாசிக்கு மேல செத்திருக்கு. இது எப்படி இருக்கு தெரியுமா? ரொம்ப நாள் தேங்கின தண்ணி மாதிரி இருக்கு. எத்தனை நாள் ஆச்சு அவருக்கு?”

“மூணு நாள் டாக்டர்.”

“கேட்டீங்களா?”

நான் கீழே பார்த்தேன்.

“பஞ்சாமிர்தம் எங்கேருந்து வந்தது?”

“பழனியிலேருந்து.”

“அவர் தலையில முடி இருந்துதா?”

அதுவரை என் கையால் எழுதியிருந்த ஃபாரங்களையெல்லாம் எடுத்து வரச் சொன்னார். வரிசையாக மூன்று, மூன்று, மூன்று. ஒவ்வொன்றாகத் திருப்பினார். “அத்தனையிலயும் நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது என்னைத் திட்டியதைவிட மோசமாக இருந்தது.

பிறகு சொன்னார். “அந்தத் தண்ணி விஷம்தான். எலிக்குக் குடுத்துப் பாத்தவங்க எண்ணிக்கை குறையுது, ஓட்டம் குறையுதுன்னு எழுதியிருக்காங்க. அதுவும் சரிதான். ஆனா நம்ம மில்லுல நிக்கற மனுஷனுக்கு எவ்வளவு ஆகும்னு இந்தப் பக்கம் யாரும் எண்ணிப் பாக்கலை. நீங்க எண்ணாததை எழுதினீங்க. எண்ணாததைச் சொன்னீங்க. அவரை மறுபடி வரச் சொல்லுங்க. காசு வாங்காதீங்க.”

போன் போட்டது அண்ணனுக்கு. ஆனால் மறுநாள் காலையில் லேபைத் திறக்கும்போது வாசலில் நின்றது வளர்மதி அக்கா.

“தம்பி, ரிப்போர்ட்ட மாத்தப் போறியளாமே.”

“மாத்தலக்கா. சரியா பாக்கப் போறோம். தப்பு எம்மேல.”

“எது சரி? ஆறு வருசமா எனக்குத்தான் கொறன்னு சொன்னதெல்லாம் சரியா இருந்துச்சா?” அவர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். “நேத்து எங்க நாத்தனா எனக்குச் சோறு போட்டுச்சு தம்பி. ஒக்காரு மதின்னுச்சு. மதின்னு கூப்புடுது. பொண்ணு வீட்டுக்குப் போயிருந்த ஆளு பாதியிலேயே திரும்பி வந்துருச்சு. இப்ப நீங்க பாத்துட்டு, இல்ல இல்ல, அவனுக்கு ஒன்னும் இல்லன்னு எழுதிக் குடுத்தா, நான் எங்கிட்டுப் போவேன்?”

எனக்கு அவர் சொன்னது புரிந்தது. என் தப்பான காகிதம் அவரைப் பங்குனிக்கு அப்பாலும் அந்த வீட்டில் நிறுத்தியிருந்தது. சரியான காகிதம் அவரைப் பெட்டியோடு பஸ் ஏற்றிவிடலாம். ஃபாரம் இன்னும் மேசைமேல்தான் இருந்தது. டாக்டரம்மா வருவதற்கு அரை மணி இருந்தது. அதை அப்படியே விட்டுவிடுங்கள் என்று டாக்டரம்மாவிடம் கெஞ்சிப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன்.

“அக்கா, இதை வச்சு அண்ணனுக்குத் தப்பா மருந்து குடுப்பாங்க. அப்ப ரெண்டு பேருக்கும் நட்டம்” என்றேன்.

“எனக்கு மட்டும் நட்டமானப்ப யாரும் இம்புட்டு யோசிக்கலயே தம்பி.”

நான் மேசைமேல் இருந்த ஃபாரத்தைப் பார்த்தேன். அக்கா கதவுச் சட்டத்தை விட்டுவிட்டு, “சரி, வரச் சொல்றேன். நானும் கூட வாரேன்” என்று படியிறங்கிப் போனார்.

மதியமே ரெண்டு பேரும் வந்தார்கள். டாக்டரம்மா என்னைக் காட்டி, “தம்பி கேப்பாரு, சொல்லுங்க” என்றுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நான் ஃபாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

“அண்ணே, மொத தடவ டெஸ்ட்டுக்கு வந்தப்ப, அக்காவோட இருந்து எத்தனை நாள் ஆயிருந்துச்சு?”

அவர் என்னைவிட அதிகமாகக் கூசினார். “மால போட்டதுலேருந்து சேத்தா, அம்பது வரும் தம்பி. அதத்தான் சுத்தமா இருந்தேன்னு அன்னைக்கே சொன்னேனே.”

மூன்றை அடித்துவிட்டு ஐம்பது என்று எழுதினேன். வீட்டுக்குப் போய் வழக்கம்போல இருக்க வேண்டும், அதற்குப் பிறகு எண்ணி மூன்று நாள் விட்டு வர வேண்டும் என்பதையும் டாக்டரம்மா என்னையே சொல்ல வைத்தார். நான் சொல்லி முடிக்கும்வரை அக்கா மகாலட்சுமி காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குவது தோளில் தெரிந்தது.

டாக்டரம்மா திடீரென்று, “காலைக் காட்டுங்க” என்றார்.

கணுக்காலுக்கு மேல் கோடு கிழித்த மாதிரி, அதற்குக் கீழே தோல் வெளுத்து உரிந்திருந்தது. விரலிடுக்கெல்லாம் புண்.

“பூட்ஸ் இல்லையா?”

“பழைய சோடி ஒன்னு இருந்துச்சும்மா. மால போட்டா கால்ல எதுவும் போடக் கூடாதுல்ல. கழட்டி வச்சுட்டேன்.”

“அப்படியே தொட்டியில இறங்கினீங்களா?”

“நாப்பது நாளைக்கு மேல. பழனிக்கு நடக்க ஆரம்பிக்கிற வரைக்கும்.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பிள்ளை வேண்டும் என்று சாமிக்கு மாலை போட்ட மனிதர், அந்த மாலைக்காகவே பூட்ஸைக் கழற்றிவிட்டு அந்தத் தண்ணீரில் நின்றிருக்கிறார். நான் சொன்னதில் எவ்வளவு தப்பு, எவ்வளவு சரி என்று எனக்கே குழம்பிவிட்டது.

அந்த வாரக் கடைசியில் வந்த சாம்பிளை நாங்கள் ரெண்டு பேரும் எண்ணினோம். டாக்டரம்மாவின் வழக்கம் அது. கஷ்டமான கேஸ் என்றால் ஒரே சாம்பிளை இருவரும் தனித்தனியாக எண்ண வேண்டும். ஒருவர் எண்ணும்போது மற்றவர் அறையில் இருக்கக் கூடாது. தாளை மடித்துத்தான் நீட்ட வேண்டும். ரெண்டும் ஒத்துவராவிட்டால் முதலிலிருந்து.

முதலில் நான் உட்கார்ந்தேன். ஓட்டம் இருந்தது. சாயம் போட்டபோது பாதிக்கு மேல் வெள்ளையாக நின்றன. அண்ணனுக்காகச் சந்தோஷமும் அக்காவுக்காகப் பயமும் சேர்ந்து வந்தன. பிறகு கட்டக் கண்ணாடி. ஒரு கட்டம், அடுத்த கட்டம் என்று போகிறேன், கவுண்டர் ஏறவே மாட்டேன் என்கிறது. குறைவாக வந்தால் அக்கா பிழைத்துக்கொள்வார் என்று மனது சொல்லச் சொல்ல, அதனாலேயே கண் எதையாவது விட்டுவிடுகிறதோ என்று சந்தேகம். திரும்ப எண்ணினேன். தாளில் எழுதி மடித்துவிட்டு வெளியே வந்தேன். டாக்டரம்மா உள்ளே போனார். வெளியே நின்றால் டிக் டிக் சத்தம் மட்டும் கேட்கும். ரொம்ப நிதானமாகக் கேட்டது.

இரண்டு தாளையும் பிரித்தோம். அவருடையது தொண்ணூற்றாறு லட்சம். என்னுடையது ஒரு கோடியே நாலு லட்சம். ஒன்றரைக் கோடியாவது இருக்க வேண்டும்.

“ஒத்துவருது. ஒரு கோடின்னு போடு” என்றார். போடுங்க சார் என்று சொல்லவில்லை. எனக்குப் போன உயிர் வந்தது.

மறுநாள் மூன்று பேரும் வந்திருந்தார்கள். நாத்தனார்தான் முன்னால் உட்கார்ந்தார். டாக்டரம்மா முதல் ரிப்போர்ட் எங்கள் தவறு என்பதை ஒளிக்காமல் சொன்னார். ஐம்பது நாள் தேங்கியதில் அன்றைக்கு எண்ணிக்கையும் கூடித் தெரிந்தது, செத்ததும் கூடியது என்றார். அண்ணனுக்கு உயிரோட்டம் பரவாயில்லை, எண்ணிக்கைதான் குறைவு, ஒரு கோடிதான் இருக்கிறது என்றார்.

நாத்தனார் நிமிர்ந்தார். “கோடிக்கணக்குல இருக்கு, இதுல என்னம்மா கொற? ஒரு புள்ளைக்கு ஒன்னு போதாதா?”

“ஒண்ணு போய்ச் சேரணும்னா ஒன்றரைக் கோடியாவது கெளம்பணும்மா. அப்படித்தான் வச்சிருக்கு.”

“அப்ப இவளுக்கு?”

“ஆறு வருஷமா நாங்க பாத்த எதுலயும் இவங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். வச்சுக்கோங்க.” அந்தத் தாளை டாக்டரம்மா நாத்தனாரிடம் கொடுக்கவில்லை. கையை நீட்டி, பின்னால் நின்றிருந்த வளர்மதி அக்காவிடம் கொடுத்தார்.

பிறகு அண்ணனிடம் சொன்னார். புதிதாக ஊறி வர இரண்டரை மாதம் ஆகும். அதுவரை தொட்டியில் இறங்க வேண்டாம். காரணம் அந்தத் தண்ணீர்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கால் தோலை உரித்தது அதுதான் என்று சொல்ல முடியும். மூன்று மாதம் கழித்து வந்து மறுபடி எண்ணிப் பார்க்கலாம். இதையே மில்லுக்கும் போன் போட்டுச் சொன்னார். பிள்ளை பெற்றவர்கள் பெற்றவர்கள்தான், என் பையன் வாய் தவறிவிட்டான், ஆனால் பூட்ஸ் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள் என்று. முதலாளி முதல் பாதியை மட்டும் ஊர் முழுக்கச் சொன்னார். வைகாசிக் கல்யாணம் நடந்தது. பூட்ஸ் வரவில்லை.

அடைக்கலம் அண்ணன் களத்துக்கு மாறிக்கொண்டார். மாவைக் காயப்போட்டுக் கிளறுகிற வேலை. வெயில்தான், தண்ணீர் இல்லை. பங்குனி வந்தது, போனது. பொண்ணு பார்க்கிற பேச்சு எழவில்லை. ஆனியில் மூன்றாவது தடவையாக வந்தார். டப்பாவை வாங்கும்போதே, “மூணு நாளு, எண்ணி” என்று விரலை நீட்டிக் காட்டினார். எண்ணிக்கை ஒரு கோடியே எழுபது லட்சம். மறுபடியும் ரெண்டு பேரும் எண்ணித்தான் சொன்னோம்.

அதற்கடுத்த வருடம் ஆவணியில் வளர்மதி அக்கா இடது கையை நீட்டினார், கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற ரத்தத்துக்காக. அன்றைக்கும் நாத்தனார் வந்திருந்தார், கூடவே அண்ணனும். நாத்தனார் முருகன் கொடுத்தது என்றார். அண்ணன் களத்து வெயில் என்றார். அக்கா, நரம்பைத் தேடவேண்டியதில்லை என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் டாக்டரம்மாவிடம் காரணம் கேட்டேன். அவர் கடலை மிட்டாயை உடைத்துப் பாதியை என் கையில் வைத்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்துகொண்டார்.

இப்போது என் கொல்லைக் கிழங்கை ஏற்றிக்கொண்டு அதே மில்லுக்குத்தான் போகிறேன். கழிவுத் தொட்டி அப்படியேதான் இருக்கிறது. அந்தத் தண்ணீர் என் கிழங்கிலிருந்தும் வருவதுதான் என்பது எனக்குத் தெரியும். போன மார்கழியில் அண்ணன் மறுபடி தொட்டியில் நின்றார், கழுத்தில் மாலை, முழங்கால் வரை கறுப்பு பூட்ஸ். ‘மாலையும் பூட்ஸுமா?’ என்று நான் பார்த்த பார்வையைப் புரிந்துகொண்டு சொன்னார். “குருசாமிகிட்ட கேட்டுட்டேன் தம்பி. தொட்டிக்குள்ள போட்டுக்க, வெளியில கழட்டிருன்னாரு.”

அவரே கேட்டிருக்கிறார். பாலமுருகா, உனக்குச் சொல்ல வந்ததும் அதுதான். அந்தக் கட்டத்தை நீ கேட்டு எழுது. கூச்சமாகத்தான் இருக்கும். அவருக்கு உன்னைவிடக் கூச்சமாக இருக்கும். கேள்.

இதை எழுதப் போகிறேன் என்று வளர்மதி அக்காவிடம் சம்மதம் கேட்கப் போனேன். மகள் அவர் இடுப்பில் இருந்தாள். “எழுது. எழுதுறப்ப செலவையும் எழுது” என்றார். ஸ்கேன், ஊசி, ஹார்மோன் மாத்திரை, வேண்டுதல் என்று ஆறு வருடத்தில் தனக்காக ஆனது ஒரு லட்சத்து எழுபதாயிரம், கல்யாணத்தில் போட்டு வந்த எட்டுப் பவுன் நகையில் மூன்று அதில் போனது. விரல்விட்டு எண்ணாமலே சொன்னார். பிறகு வீட்டுக்காரருக்கு ஆனதைச் சொன்னார். டெஸ்ட் மூன்றில் ஒன்றுக்கு நாங்கள் காசு வாங்கவில்லை. மற்ற இரண்டுக்கு எழுநூறு, பூட்ஸுக்கு நானூற்றைம்பது. ஆக ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய்.